முற்றத்து மழைநீர்: எங்கே ஊற விடுவது, எங்கே வடிய விடுவது

வீட்டு வேலை முடிந்து கொஞ்சம் சீமெந்தும் மணலும் மிஞ்சினால், பெரும்பாலான குடும்பங்கள் அடுத்துச் செய்வது முற்றத்துக்குச் சீமெந்து போடுவதுதான். அதில் நியாயம் இருக்கிறது. தறப்பாள் கொட்டிலிலும் நலன்புரி நிலையத்திலும் வருடக்கணக்காகச் சேற்றுக்குள் நடந்தவர்களுக்குச் சேறில்லாத முற்றம் சின்ன விடயம் அல்ல. பிள்ளைகள் விளையாடலாம், நெல் காயப்போடலாம், பாம்பு வந்தால் தூரத்திலேயே கண்ணில் படும். ஆனால் அந்தத் தரையில் விழும் மழை எங்கே போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஐப்பசியில் முதற் பெருமழை கொட்டியதும் பதில் தெரிந்துவிடுகிறது. சில வீடுகளில் அது அத்திவாரத்தின் கீழ் போகிறது. சில வீடுகளில் மலசலகூடக் குழிக்குள் போகிறது. மற்ற வீடுகளில் வேலியைத் தாண்டி அயல் வளவுக்குள் போகிறது.

முற்றத்தை வெறும் மண்ணாகவே விட்டுவிடுங்கள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. கல் பதித்த முற்றமாகவும் இருக்கலாம், மழைநீர் அதற்கூடாகக் கீழே இறங்கவும் செய்யலாம். இடிந்த வீட்டின் கற்களே அதற்குப் பெரும்பாலும் போதும். ஆனால் எல்லா வளவுக்கும் இது பொருந்தாது. உங்கள் மண் எப்படிப்பட்டது, கிணறு எங்கே, மலக்குழி எங்கே என்று பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு நீர் வரும்?

ஒரு சதுர மீற்றர் இடத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள், மீதியை வீட்டிலேயே கணக்கிடலாம். வீட்டுத்திட்டங்களில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டின் கூரை, வெளியே நீண்டிருக்கும் விளிம்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 60 சதுர மீற்றர் வரும். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 6,000 லீற்றர் நீர் விழும். இது 200 லீற்றர் பரல் 30. முற்றத்தில் 40 சதுர மீற்றருக்குச் சீமெந்து போட்டிருந்தால் அதிலிருந்து இன்னும் 20 பரல். மொத்தம் 50 பரல் நீர், ஒரே நாளில், ஒரு வீட்டிலிருந்து.

வடக்கில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது ஆச்சரியமான விடயம் அல்ல. 2008 நவம்பரில் நிஷா சூறாவளியின்போதும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோதும், 2020 டிசம்பரில் புரெவி சூறாவளியின்போதும் அதைவிடக் கூடுதலாகப் பெய்தது. அவ்வளவு பெரிய மழையை எந்த முற்றமும் குடித்து முடிக்காது. நாம் ஏற்பாடு செய்வது ஒவ்வொரு மாரியிலும் பத்துப் பதினைந்து தடவை வரும் சாதாரண மழைக்குத்தான்.

இந்த நீரை வீணாக வெளியே அனுப்பக்கூடாது என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். கிணற்றில் அள்ளும் நீர் எல்லாம் மழையாக விழுந்து, மண்ணுக்கூடாக இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய நீர். அதற்குக் கீழே கடலோடு தொடர்புள்ள உவர்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மேலே அந்த ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் கிணறு உவராகிவிட்டது என்று கவலைப்படும் வளவுகளில், மார்கழி மழையைக் கானுக்குள் அனுப்பிவிடுவது பொருத்தமான செயல் அல்ல.

முதலில் மண்ணைப் பாருங்கள்

வலிகாமத்துச் செம்மண் நீரை நன்றாக உள்ளே விடும். தென்மராட்சியின் மணற்பாங்கான வளவுகளும் அப்படித்தான். வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற இடங்களில் மணல் நீரை உடனே விழுங்கிவிடும். அங்கே பிரச்சினை வேறு: மாரியில் நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடிக்கு மேலே வந்துவிடும். வன்னியில் மேட்டுக்காணிகளின் செம்பழுப்பு மண் காய்ந்தால் கல்லாகும். நனைந்தால் மேலே ஒரு தோல்போல மூடிக்கொண்டு நீரை ஓடவிடும். வயலை அண்டிய தாழ்ந்த காணிகளில் களி கூட. மன்னார் முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணோ நனைந்த பிறகு ஒன்றையுமே உள்ளே விடாது.

உங்கள் காணி இதில் எந்த வகை என்று சொல்லிக் கேட்பதைவிட ஒரு குழி வெட்டிப் பார்ப்பது நல்லது (குழி வெட்டுமுன் அடுத்த பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்). ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் போதும். அதை நீரால் நிரப்பி முழுதாக வற்ற விடுங்கள். மீண்டும் நிரப்பி வற்ற விடுங்கள். மூன்றாம் தடவை நிரப்பி, குழிக்குள் ஒரு தடியை நட்டு, நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு மணித்தியாலம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுங்கள். முதல் இரண்டு தடவையும் சும்மா ஊற்றுவதாகத் தோன்றும். ஆனால் வெயில் காலத்தில் களிமண்ணில் வெடிப்பு இருக்கும். முதலில் ஊற்றும் நீர் அந்த வெடிப்புக்குள் போய்விடும், மண் நன்றாகக் குடிப்பதுபோல ஏமாற்றும்.

மணித்தியாலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நீர் ஊறும் முற்றம் உங்களுக்குச் சரிவரும். அரை அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடையில் என்றால் கல் படுக்கையைக் கொஞ்சம் ஆழமாகப் போட வேண்டும். அரை அங்குலத்துக்குக் குறைவு என்றால் ஊற விடும் யோசனையைக் கைவிட்டு, கீழே சொல்லப்படும் வாய்க்கால் பகுதிக்குப் போங்கள். கரையோரத்திலும் வயலோரத்திலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மார்கழியில் கிணற்று நீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நின்றது? மூன்று நான்கு அடிக்குள் என்றால், நீங்கள் வெட்டும் உறிஞ்சு குழி மாரியில் இன்னொரு கிணறாகத்தான் இருக்கும், நீரை வாங்காது.

மண்வெட்டி வைக்குமுன்

கண்ணிவெடி அகற்றப்பட்டு உங்களிடம் கையளிக்கப்பட்ட காணியில் மட்டுமே வெட்டுங்கள். கையளிக்கப்பட்ட காணியிலும், இதுவரை ஒருவரும் கை வைக்காத வேலியோரம், பற்றை மூடிய இடம், கற்குவியல் ஆகியவற்றில் கவனம் தேவை. இரும்பாகவோ பிளாஸ்ரிக்காகவோ தெரியாத பொருள் ஏதாவது கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், அலவாங்கால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வந்த அடியிலேயே திரும்பி, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ (தொலைபேசி 119) அறிவியுங்கள். குப்பையைக் கூட்டி எரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டிலும் வெடிக்கும்.

வன்னியில் பல வளவுகளில் பங்கர் வெட்டி, பிறகு மண் தள்ளி மூடியிருக்கிறார்கள். அந்த இடம் ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். அதன்மேல் கல் பதித்தால் இரண்டாம் வருடமே குழி விழும். பங்கர் இருந்த இடம் தெரிந்தால், ஒரு மாரி முழுவதும் அதை நனைய விட்டு, தாழ்ந்த இடத்துக்கு மண் போட்டு இடித்து, பிறகு வேலை தொடங்குங்கள். அவசரம் என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பூமரம் வையுங்கள்.

இடிந்த சுவரின் கல்லும் செங்கல்லும் கொங்கிறீற் துண்டும் நமக்கு நல்ல பொருள். ஆனால் பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகட்டை உடைத்துப் படுக்கைக்குப் போடக் கூடாது. உடைக்கும்போது எழும் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போய் வருடங்கள் கழித்து நோயாக வரும். அதை உடைக்காமல், நனைத்து, தனியாக ஒதுக்கி வைத்து, அகற்றும் முறையைப் பிரதேச சபையிடம் கேளுங்கள்.

எங்கே ஊற விடக் கூடாது

சுவரை ஒட்டிய முதல் மூன்று அடியில் நீர் இறங்கக் கூடாது. அங்கே சீமெந்து போட்டு, மூன்று அடிக்கு ஒன்றரை அங்குலம் வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். வன்னியின் களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அத்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் நனைந்துகொண்டிருந்தால் சுவர் வெடிக்கும். கூரை நீரைக் கொண்டுபோய் விடும் குழி அத்திவாரத்திலிருந்து 10 அடிக்கு அப்பால் இருக்கட்டும். களிமண்ணில் 15 அடி.

கிணற்றைச் சுற்றியும் அப்படித்தான். கிணற்றுக் கட்டைச் சுற்றிப் போடும் சீமெந்துத் தளம் வெடிப்பில்லாமல், வெளியே சரிந்து, ஒரு சிறு கானில் முடிய வேண்டும். குளிக்கும், உடுப்புத் தோய்க்கும் நீர் அந்தக் கானால் வாழைக்கோ தென்னைக்கோ போகட்டும். நம் ஊர்க் கிணற்றடியில் வாழை வைப்பது வெறும் அழகுக்காக வந்த பழக்கம் இல்லை. முற்றத்து நீரை நேரே கிணற்றுக்குள் விடுவது, பழைய பாழ்க்கிணற்றுக்குள் விடுவது இரண்டையும் தவிருங்கள். "கிணறு நிரம்பட்டும்" என்று சிலர் குழாய் வைத்தே விடுகிறார்கள். முற்றத்தில் ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம், மோட்டார் சைக்கிள் எண்ணெய் எல்லாம் உண்டு. மண் என்ற வடிகட்டியைத் தாண்டாமல் அவை நேரே நிலத்தடி நீரில் கலக்கும். குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு கிணற்றில் கலப்பது அந்தக் கிணற்றோடு நிற்பதும் இல்லை, வெடிப்புகளுக்கூடாக அயல் கிணறுகளுக்கும் போகும். இதே காரணத்துக்காக உறிஞ்சு குழியைக் கல் வரும்வரை ஆழமாக வெட்டாதீர்கள். குழியின் அடிக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு மூன்று அடி மண்ணாவது இருக்க வேண்டும். செம்மண் ஆழம் குறைந்த காணியில் ஆழமான குழியைவிட அகலமான முற்றமே நல்லது.

மலக்குழி விடயம் இதைவிட முக்கியம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று இங்கே வழக்கமாகச் சொல்வார்கள். நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் ஸ்பியர் நியமம் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி என்கிறது. குழியின் அடி நிலத்தடி நீருக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிறிய காணிகளில் 100 அடி கிடைப்பது கடினம். அப்படியான வளவில், நீர் ஊறும் முற்றத்தை மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போட்டுவிடாதீர்கள். மேலிருந்து இறங்கும் மழைநீர் குழியின் அழுக்கைக் கிணற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். குழியின் மூடி சுற்றுத் தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும், சுற்றி மண் அணைத்து வெளியே சரித்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பது பரிசோதனைகளில் தெரிந்த விடயம். தோட்டங்களுக்குப் போடும் பசளையும் மலக்குழிகளும் காரணம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

நீர் ஊறும் முற்றம் போடும் முறை

முதலில் ஒரு தவறான நம்பிக்கை. வன்னியில் சேற்றுக்கு மருந்தாகக் கிறவல் பரப்புவார்கள். நடக்க அது நல்லதுதான். ஆனால் கிறவலில் களி கலந்திருக்கிறது. நான்கு மாதம் மிதித்ததும் இறுகித் தார்போட்ட ரோட்டைப்போல ஆகிவிடும், நீர் மேலாலேயே ஓடும். கல்தூளும் அப்படித்தான். நீர் இறங்க வேண்டுமானால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெற்றிடம் இருக்க வேண்டும், அந்த வெற்றிடத்தை அடைக்கும் தூள் இருக்கக் கூடாது. இந்த வேலையின் இரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

போட வேண்டிய இடத்தைக் குறித்து, மேல் மண்ணை 9 அங்குலம் வெட்டி எடுங்கள். எடுத்த மண்ணை வீட்டுத்தோட்டத்துக்குப் போடலாம். குழியின் அடியை இடித்து இறுக்க வேண்டாம், தட்டையாக்கினால் போதும். அடியில் களி தெரிந்தால் இரண்டு அங்குலம் பருமணல் பரப்புங்கள். இல்லாவிட்டால் மாரியில் களி மேலே ஏறிக் கற்களின் இடைவெளியை அடைக்கும். மணல் வாங்கும்போது அனுமதிப்பத்திரத்தோடு ஏற்றி வருபவரிடம் வாங்குங்கள், கடற்கரையில் அள்ள வேண்டாம். அதன்மேல் கல் படுக்கை: ஒன்றரை அங்குலச் சல்லி, அல்லது அந்த அளவுக்கு உடைத்த பழைய செங்கல், கொங்கிறீற் துண்டு. உடைத்ததை அப்படியே கொட்டக் கூடாது. சல்லடையில் அரித்துத் தூளை நீக்க வேண்டும், முடிந்தால் கழுவ வேண்டும். செங்கல் மெதுவானது என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.

படுக்கை 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். உடைந்த கற்களுக்கிடையில் ஏறத்தாழ 40 வீதம் வெற்றிடம் இருக்கும். 6 அங்குலம் என்பது 150 மில்லிமீற்றர், அதில் 40 வீதம் 60 மில்லிமீற்றர். அதாவது கீழே உள்ள மண் ஒரு சொட்டும் குடிக்காவிட்டாலும், தன்மேல் விழும் 60 மில்லிமீற்றர் மழையை இந்தப் படுக்கை ஏந்தி வைத்திருக்கும். பிறகு ஆறுதலாக மண்ணுக்கு இறக்கிவிடும். இதை 4 அடி நீள, அகல, ஆழ உறிஞ்சு குழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல் நிரப்பிய அந்தக் குழி 700 லீற்றரைத்தான் கொள்ளும். மேலே பார்த்த 6,000 லீற்றர் கூரை நீர் ஒரு மழையில் வந்தால் குழி சில நிமிடங்களில் நிரம்பிவிடும். குழி வேண்டாம் என்றில்லை, குழி ஒன்று வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கூரை நீரை முதலில் பீலி வைத்துப் பரலிலோ தாங்கியிலோ பிடியுங்கள். நிரம்பி வழிவதைக் கல் படுக்கைக்குள் விடுங்கள். அப்படி விடுவதானால் படுக்கையை 9 அங்குலமாக்குங்கள், அதற்கேற்ப மண்ணையும் ஓர் அடி வெட்டுங்கள்.

படுக்கையின் ஓரங்களில் நீளக் கற்களை நிமிர்த்தி நட்டுச் சீமெந்தால் பிடியுங்கள். ஓரம் பிடிக்காத முற்றம் ஒரு மாரியில் பரந்துபோகும். படுக்கையை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி அமர்த்தி, அதன்மேல் ஓர் அங்குலம் கால் அங்குலச் சிறுசல்லி பரப்பி மட்டப்படுத்துங்கள். சரிவு 10 அடிக்கு ஓர் அங்குலம், வீட்டிலிருந்து வெளியே. மட்டம் பார்க்க மேசன் தேவையில்லை. 30 அடி தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்பினால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைவிடச் சரியான மட்டம் கடையில் கிடையாது.

பிறகு கற்களைப் பதியுங்கள். முழுச் சீமெந்துக் கல், பாதி உடைந்த கல், தட்டையான சுண்ணாம்புக்கல் எதுவும் சரி. கற்களுக்கிடையில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதைச் சிறுசல்லியால் நிரப்புங்கள். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். மேசன்மார் பழக்கத்தில் இடைவெளிக்குச் சாந்து போட்டு வழித்துவிடுவார்கள், அல்லது மெல்லிய மணல் போடுவார்கள். சாந்து போட்டால் அது வழமையான சீமெந்து முற்றம், கீழே போட்ட கல்லெல்லாம் வீண். வேலை நடக்கும்போது வீட்டார் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. நிழலான இடமென்றால் இடைவெளியில் அறுகம்புல் வளர விடலாம்.

உழவு இயந்திரம், லொறி ஏறும் வாசலுக்கு இந்த 6 அங்குலப் படுக்கை போதாது. மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் தாங்கும்.

கல் பதிக்க விருப்பமில்லாதவர்கள் மணல் சேர்க்காத கொங்கிறீற் போடலாம். சீமெந்து 1 பங்கு, அரை அங்குலச் சல்லி 5 பங்கு, மணல் இல்லை. 50 கிலோ சீமெந்துக்கு நீர் 16 முதல் 18 லீற்றர்வரை, ஈரமான சல்லி என்றால் இன்னும் குறைவு. கலவையைக் கையில் எடுத்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கால் சாந்து ஒழுகக் கூடாது. ஒழுகினால் அது அடியில் தங்கி நீர் போகும் வழியை மூடிவிடும். நான்கு அங்குலக் கனத்தில் பரப்பி, மெதுவாகத் தட்டி, கரணையால் தேய்க்காமல் விடுங்கள். தேய்த்தால் மேற்பரப்பு அடைபடும். உடனே பொலித்தீனால் மூடி 7 நாள் வையுங்கள். இதன் கீழும் அதே கல் படுக்கை வேண்டும். இது சாதாரண கொங்கிறீற்றைவிடப் பலம் குறைந்தது, கல் உரல் வைத்து இடிக்கும் இடத்துக்கு ஆகாது.

மண் குடிக்காத காணிகளில்

குழிப் பரிசோதனையில் அரை அங்குலம்கூட இறங்காத வளவில் நீரை மெதுவாக, அரிக்காமல் வெளியே கொண்டுபோக வேண்டும். ஆழமான செங்குத்துக் கான் வெட்டாதீர்கள். கரை இடியும், சின்னப் பிள்ளைகள் விழுவார்கள். மூன்று நான்கு அடி அகலம், நடுவில் ஓர் அடிக்குக் குறைந்த ஆழம், இரு பக்கமும் சாய்வு. இப்படி ஒரு வாய்க்கால் வெட்டி அறுகம்புல் பதியுங்கள். 100 அடிக்கு அரை அடியிலிருந்து ஓர் அடிவரை சரிவு போதும். அதற்கு மேல் சரிவு கொடுத்தால் நீர் வேகமெடுத்து மண்ணை அரிக்கும். தென்னை இருந்தால் அடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் குழி வெட்டிப் பொச்சு அடுக்கி, வாய்க்காலின் நீர் அதைத் தொட்டுக்கொண்டு போக விடுங்கள். பொச்சு பஞ்சுபோல ஈரத்தை வைத்திருக்கும், பங்குனி வெயிலில் தென்னைக்கு உதவும்.

வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதுதான் பிரச்சினை. முன்பு ஊரில் வெள்ளம் வழியும் பாதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அது மாறிவிட்டது. போர்க்காலத்தில் எழுப்பிய மண் அணைகள் சில இடங்களில் இன்னும் குறுக்கே கிடக்கின்றன. மதகுகள் தூர்ந்துவிட்டன. புதிய வீதிகளை உயர்த்திப் போட்டதால் வீதி மேடாகவும் வளவு பள்ளமாகவும் ஆகிவிட்ட இடங்களும் பல. முன்பு வெளியே வடிந்த நீர் இப்போது வீதியிலிருந்து உள்ளே வருகிறது. ஊரில் மூத்த ஒருவரோடு வளவுகளைச் சுற்றி நடந்து, பழைய வெள்ளவாய்க்கால் எது, எந்தக் குளத்துக்குப் போனது என்று கேட்டு, ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தோடு கிராம அபிவிருத்திச் சங்கமாகப் போனால் அலுவலகங்களில் பேசுவது இலகு. உள்ளூர் ஒழுங்கையின் கானும் மதகும் பிரதேச சபையின் பொறுப்பு. சிறு குளங்களும் வயல் வாய்க்கால்களும் கமநல சேவை நிலையத்தோடு பேச வேண்டியவை. பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை.

வளவுக்கு வாசல் வைக்கும்போது ஒழுங்கைக் கானை மண்ணால் மூடிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு வீட்டு வாசல் மேலேயுள்ள பத்து வீட்டுக்கு வெள்ளம். வாசலின் கீழ் 9 அங்குலத்துக்குக் குறையாத ஹியூம் குழாய் வைத்து மூடுங்கள். 4 அங்குலப் பிளாஸ்ரிக் குழாய் முதல் மழையிலேயே இலையால் அடைபடும். அயலவரின் வளவுக்குள் நீரைத் திருப்பியதால் வரும் சண்டைகள் மத்தியஸ்த சபைக்கு வருவது வழமை. வாய்க்கால் வெட்டுமுன் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினால், பல இடங்களில் அவரும் மண்வெட்டியோடு வந்து தன் பக்கத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்.

பராமரிப்பு

நீர் ஊறும் முற்றத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விளக்குமாறுதான். காலையில் கூட்டும்போது பக்கத்து மண்ணை முற்றத்தின் மேல் கூட்டிக்கொண்டு வந்தால் அது இடைவெளிக்குள் இறங்கி அடைக்கும். முற்றத்திலிருந்து வெளியே கூட்டுங்கள். மணல், சீமெந்து, சாம்பல் எதையும் அதன்மேல் குவிக்காதீர்கள். சாணத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் வாசற்படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழை விட்டு இரண்டு நாளில் முற்றமும் கானும் வற்ற வேண்டும். நுளம்பு முட்டையிட்டுப் பறப்பதற்கு ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும் என்பதால், இரண்டு நாளில் வற்றும் இடத்தில் டெங்கு நுளம்பு பெருகாது. பரலையும் தாங்கியையும் துணியாலோ வலையாலோ மூடி வையுங்கள். ஒரு கிழமையாக நீர் நிற்கும் இடம் இருந்தால் அங்கே இடைவெளி அடைபட்டிருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதத்தில், மாரிக்கு முன், முற்றத்தின் நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய இடத்திலேயே இறங்கினால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. நீர் பரந்து ஓடினால், அந்த இடத்துக் கற்களுக்கிடையில் உள்ள சிறுசல்லியை ஒரு பழைய கத்தியால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கிளறி எடுத்து, வாளியில் கழுவித் திரும்பப் போடுங்கள்.